கைப்பேசியில் வந்த கேலியும் காவல்துறை இழந்த நம்பிக்கையும்



வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடக்கிறது. "வா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டால் உடனே கிளம்புகிறாளா? இல்லை. "அங்க போனா நம்மளையே திருப்பிக் கேள்வி கேப்பாங்க, பின்னால பேசிச் சிரிப்பாங்க" என்று தயங்குகிறாள். இந்தத் தயக்கம் நம் கிராமத்துப் பெண்களுக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தின் தலைநகரான லண்டனிலும் பெண்கள் இப்படித் தயங்குகிறார்கள். அந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பதைக் காவலர்களின் கைப்பேசிகளே காட்டிக் கொடுத்தன. அதனால் காவல்துறையின் தலைமை அதிகாரியே பதவி விலக நேர்ந்தது. அந்த விவரத்தைத் தெரிந்துகொள்வோம்.

என்ன நடந்தது?

லண்டன் மாநகரக் காவல்துறை 1829-இல் தொடங்கப்பட்டது. அங்கே சாரிங் கிராஸ் என்ற இடத்தில் ஒரு காவல் நிலையம் இருக்கிறது. 2018 மார்ச்சில் அங்குள்ள ஒரு காவலர் மீது வந்த புகாரைத் தனி விசாரணை அமைப்பு ஒன்று விசாரிக்கத் தொடங்கியது. அதைத் தோண்டத் தோண்ட வேறு சங்கதிகள் வெளியே வந்தன. 2016 முதல் 2018 வரை காவலர்கள் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகள் கிடைத்தன.

அவற்றில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லவே கூசுகிறது. பாலியல் வன்கொடுமையைப் பற்றிக் கேலி. மனைவியை, காதலியை அடிப்பதைப் பற்றிக் கேலி. கறுப்பின மக்களையும் முஸ்லிம்களையும் மாற்றுத்திறனாளிகளையும் இழிவு செய்யும் பேச்சு. கூட வேலை பார்க்கும் பெண் காவலர்களைப் பற்றிய ஆபாசப் பேச்சு. 2022 பிப்ரவரி 1 அன்று விசாரணை அமைப்பு இந்தச் செய்திகளைப் பெரும்பாலும் அப்படியே அறிக்கையில் அச்சிட்டு ஊரறிய வெளியிட்டது. விசாரிக்கப்பட்டவர்கள் 14 பேர். அறிக்கை வந்த நாளில் அவர்களில் 9 பேர் இன்னும் வேலையில் இருந்தார்கள்.

"சும்மா விளையாட்டுக்குத்தான்!"

மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன பதில் நமக்குப் புதிதல்ல: "சும்மா தமாஷுக்குப் பேசிக்கிட்டோம்." நம்மில் சிலருக்கும், "நாலு ஆம்பளைங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டதுல என்ன வந்துச்சு?" என்று தோன்றலாம். நிதானமாக யோசித்துப் பாருங்கள். அடிபட்ட பெண் அழுதுகொண்டே வந்து புகார் கொடுப்பது யாரிடம்? பெண்ணை அடிப்பதை நினைத்துச் சிரிக்கிற அதே ஆளிடம்தான். அவர் அந்தப் புகாரை எந்த மனசோடு எழுதுவார்?

இன்னொரு கொடுமையும் அந்த அறிக்கையில் இருந்தது. இதெல்லாம் தப்பு என்று நினைத்த பெண் காவலர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் முன்னால் மூன்று வழிகள்தான் இருந்தன: கூடச் சேர்ந்து சிரிக்கணும், வாயை மூடிக்கிட்டு இருக்கணும், இல்லையென்றால் வேலையை விட்டுப் போகணும். இது ஒன்றிரண்டு பேர் செய்த தவறல்ல, அந்த இடத்தின் பழக்கமே கெட்டுப்போயிருக்கிறது என்று விசாரணை அமைப்பு சொன்னது. திருத்தத்துக்காக 15 பரிந்துரைகளையும் கொடுத்தது.

செய்தி அனுப்பாத தலைவி ஏன் விலகினார்?

அப்போது லண்டன் காவல்துறையின் ஆணையராக இருந்தவர் கிரெசிடா டிக். அந்தப் பதவிக்கு 2017-இல் வந்த முதல் பெண் அவர். அவர் எந்த ஆபாசச் செய்தியும் அனுப்பவில்லை. அப்படியானால் அவர் ஏன் போகணும்?

லண்டன் மக்களின் மனதில் ஏற்கெனவே காயம் இருந்தது. 2020 ஜூனில் சகோதரிகள் இருவர் ஒரு பூங்காவில் கொலை செய்யப்பட்டார்கள். அந்த இடத்தைக் காவல் காக்க அனுப்பப்பட்ட காவலர்கள் இருவர் சடலங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். 2021 டிசம்பரில் இருவருக்கும் 2 ஆண்டு 9 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் சாரா எவரார்ட் என்ற இளம்பெண் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு லண்டன் காவலர், தன் அடையாள அட்டையைக் காட்டிக் கைது செய்வதுபோல் நடித்து அவரைக் கடத்திக் கொலை செய்தார். கொலைகாரருடன் வாட்ஸ்அப் குழுவில் இருந்த வேறு காவலர்களும் பெண்களைப் பற்றிக் கேவலமான செய்திகள் அனுப்பியது பின்னால் தெரிந்தது. அவர்களில் இருவருக்கு 2022 நவம்பரில் 12 வாரச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கெல்லாம் மேலேதான் சாரிங் கிராஸ் அறிக்கை வந்து விழுந்தது. இதை எப்படிச் சரி செய்யப் போகிறீர்கள் என்று லண்டன் மேயர் சாதிக் கான் ஆணையரிடம் கேட்டார். கிடைத்த பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. மேயருக்குத் தன் தலைமை மேல் போதிய நம்பிக்கை இல்லாததால் விலகுவதாக 2022 பிப்ரவரி 10 அன்று கிரெசிடா டிக் அறிவித்தார். ஏப்ரலில் பொறுப்பை விட்டுப் போனார்.

நம் குழுவை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். சேமிப்புப் பணத்தில் ஊக்குநர் ஒரு ரூபாய்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் கணக்கில் தில்லுமுல்லு நடக்கிறது என்று தெரிந்த பிறகும் அவரால் சரி செய்ய முடியவில்லை என்றால், உறுப்பினர்கள் அடுத்த மாதச் சந்தா கட்டுவார்களா? நம்பிக்கை போனால் குழு உடையும். காவல்துறைக்கும் நம்பிக்கைதான் முதலீடு. நம்பிக்கை இல்லாத பெண் புகார் கொடுக்க மாட்டாள். புகார் இல்லையென்றால் குற்றவாளி அடுத்த பெண்ணைத் தேடிப் போவான்.

பேச்சு வேறு, வேலை வேறா?

"பேச்சு அப்படி இருந்தாலும் வேலையை ஒழுங்காப் பார்த்திருப்பாங்க" என்று சிலர் சொல்லலாம். லூயிஸ் கேசி என்ற பெண்மணி லண்டன் காவல்துறை முழுவதையும் ஆராய்ந்து 2023 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தார். அதைப் படித்தால் பதில் கிடைக்கும். பாலியல் வன்கொடுமை வழக்குகளின் தடய மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டிகள் பழசாகி, நிரம்பி வழிந்து கிடந்தன. ஒரு பெட்டியில் மாதிரிகளோடு யாரோ ஒருவரின் சாப்பாட்டு டப்பாவும் இருந்தது. 2022 கோடை வெயிலில் ஒரு பெட்டி பழுதாகி, உள்ளே இருந்த சாட்சியங்கள் வீணாகிவிட்டன. பெண்ணின் வேதனையைக் கேலியாகப் பார்க்கும் இடத்தில் அவளுடைய வழக்குக்கும் இதுதான் கதி.

கருத்துச் சொன்ன பெண் ஊழியர்களில் மூன்றில் ஒருவர் வேலையிடத்தில் பெண் என்பதால் இழிவுபட்டதாகவும், 100-க்கு 12 பேர் பாலியல் தொல்லைக்கோ தாக்குதலுக்கோ ஆளானதாகவும் அதே அறிக்கை சொல்கிறது.

விலகினால் எல்லாம் சரியாகுமா?

ஆகாது. 2022 செப்டம்பரில் மார்க் ரவுலி புதிய ஆணையராக வந்தார். ஒழுக்கம் கெட்ட பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆனாலும் 2025 அக்டோபரில் பி.பி.சி. தொலைக்காட்சி ரகசியமாகப் படம் பிடித்து ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதே சாரிங் கிராஸ் நிலையத்தில் காவலர்கள் பெண்களையும் மற்ற இனத்தாரையும் இழிவாகப் பேசுவது அதில் பதிவாகியிருந்தது. மறுபடியும் பலர் வேலை இழந்தார்கள். தலைவர் மாறினால் கதவு திறக்கும், அவ்வளவுதான். உள்ளே சுத்தம் செய்யும் வேலை தினமும் நடக்க வேண்டும். தப்பைச் சொல்கிறவருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

நமக்கு என்ன சட்டம் இருக்கிறது?

நம் நாட்டில் வேலையிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. உடம்பைத் தொட்டால்தான் குற்றம் என்றில்லை. விருப்பமில்லாத ஆபாசப் பேச்சு, படம், கைப்பேசிச் செய்தி எல்லாம் இதில் அடங்கும். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இது பொருந்தும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் அவகாசம் கிடைக்கும்.

முக்கியமாக ஒன்று: கோபத்தில் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அதுதான் சாட்சி. உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் ஊரில் ஒரு பெண் புகார் கொடுக்கத் தயங்குவது எதனால்? அவளோடு துணைக்குப் போக யார் யார் தயார்?

2. நம் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணை இழிவு செய்யும் செய்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோமா, பேசாமல் இருக்கிறோமா, தப்பு என்று சொல்கிறோமா?

3. நம் மாவட்ட உள்ளூர்க் குழுவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் நம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்கி எழுதி வைப்பது யார் பொறுப்பு?