தண்ணி இருக்கு, வீடு இருக்கு, சனம் எங்கே?

செவன் ஹில்ஸ், துங்காபி, பென்டில் ஹில் பக்கம் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் இப்போது ஒரு குடும்பமாவது சீனா போய்வந்த கதை சொல்கிறது. 2024 ஜூலை தொடக்கம் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்காரரிடம் சீனா விசா கேட்பதில்லை. முதலில் 15 நாள் என்றார்கள், அந்த ஆண்டு நவம்பரிலேயே அதை 30 நாளாக்கினார்கள். சிட்னியிலிருந்து ஷங்காய்க்கு நேரடி விமானம் இருக்கிறது, பத்துப் பதினொரு மணித்தியாலம். பாலிக்கும் பீஜிக்கும் போய் அலுத்த சனத்துக்கு வேறென்ன வேணும்?

இதில் எங்கட வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், கையில் நீலக் கடவுச்சீட்டு. அம்மம்மாவிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. இங்கே நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் சீனாவின் கணக்கில் அவ இலங்கையர்தான், முன்கூட்டியே விசா எடுக்கவேணும். விமான நிலையத்தில் வைத்து "நீங்கள் மட்டும் நில்லுங்கோ" என்று அவவுக்குச் சொல்லுகிற நிலை வராமல் நேரத்தோடு பாருங்கோ. இன்னொன்று, எங்கட வசந்தகாலப் பள்ளி விடுமுறையும் ஒக்டோபர் 1-ல் தொடங்கும் சீனத் தேசிய விடுமுறையும் ஒன்றாக வரும். அந்தக் கிழமையில் போனால் பாலத்தைப் பார்க்கமாட்டீர்கள், முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது ஷங்காயைப் பற்றியல்ல. அதைச் சுற்றி, யாங்சி ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பழைய நீரூர்களைப் பற்றி. அங்கே வாய்க்கால்தான் வீதி. வீட்டுக்கு முன்வாசல் தெருப் பக்கம், பின்வாசல் தண்ணிப் பக்கம். பின்வாசற் கல்படியில் இறங்கினால் படகு. நெல்லும் பட்டும் பருத்தித் துணியும் இந்த வாய்க்கால்கள் வழியே போய்த்தான் மிங், சிங் காலத்து வணிகர்கள் மாளிகை கட்டினார்கள். பிறகு ரயிலும் நெடுஞ்சாலையும் வந்தன, படகு வியாபாரம் படுத்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாத ஊர்களே அப்படியே தப்பின. வறுமை காப்பாற்றிய அழகு என்றுதான் சொல்லவேணும்.

ஜோஜுவாங் என்ற ஊரின் கதை பலருக்குத் தெரியும். 1984-ல் சென் யீஃபெய் என்ற ஓவியர் அங்குள்ள இரட்டைப் பாலத்தை வரைந்தார். அந்தப் படத்தை அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாமர் வாங்கி டெங் சியாவோபிங்குக்குப் பரிசளிக்க, ஊர் உலகப் புகழ் பெற்றது. அதே காலத்தில் தொங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான், பழைய ஊர்களை உடைத்து வீதி போட நின்ற அதிகாரிகளோடு மல்லுக்கட்டிப் பாதுகாப்புத் திட்டம் வரைந்தார். அவர் இல்லாவிட்டால் இன்று பார்க்க ஒன்றும் இருந்திராது. ஆனால் இப்போது அங்கே இரண்டு கடைக்கு ஒரு கடை பன்றிக்கால் இறைச்சி விற்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் பசியோடுதான் திரும்பவேணும்.

அடுத்தது வூஜென். எழுத்தாளர் மாவோ தூன் பிறந்த ஊர். இதன் மேற்குப் பகுதி 2007-ல் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு 150 யுவான், எங்கட காசுக்கு முப்பது டொலருக்குக் கொஞ்சம் மேலே. இரவில் விளக்குப் போட்டால் கண்கொள்ளாத அழகு. மின்கம்பி எல்லாம் நிலத்துக்கடியில், ஒரு குப்பை இல்லை, படகோட்டிகளுக்குச் சீருடை. மகள் அரை மணித்தியாலம் படம் எடுத்தாள். பிறகு, "அப்பா, இங்க ஒரு வீட்டிலயும் உடுப்புக் காயப்போடேல்லையே" என்றாள்.

காயப்போட ஆளில்லை. மேற்குப் பகுதியில் இருந்த குடும்பங்களுக்குப் பணமும் வேறிடத்தில் வீடும் கொடுத்து, ஊரை மொத்தமாக ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் திருத்த வேலை நடந்தது. சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன, உரிமையாளராக அல்ல. நிறுவனத்தின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு விருந்தினர் விடுதி நடத்துபவர்களாக. இதைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. கூரை ஒழுகும், கழிப்பறை இல்லாத பழைய வீட்டில் இருந்தவருக்குப் புது அடுக்குமாடி பெரிய விடுதலையாக இருந்திருக்கலாம். பழைய வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகிற நாங்கள் ஒருவரும் அதில் மழைக்காலம் இருந்து பார்த்தவர்கள் இல்லை.

என்றாலும் எனக்குப் பிடித்தது மூன்றாவது ஊர், ஜுஜியாஜியாவ். ஷங்காய் மெட்ரோவின் 17-ஆம் பாதை நேரே அங்கே போகும், தெருவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 1571-ல் ஒரு புத்த பிக்கு காசு சேர்த்துக் கட்டிய ஐந்து வளைவுக் கற்பாலம் இருக்கிறது, 1812-ல் திரும்பக் கட்டியது. அதன் பெயர் ஃபாங்ஷெங், உயிர்களை விடுவிக்கும் பாலம். இன்றும் பாலத்தடியில் பிளாஸ்டிக் பையில் மீன் விற்கிறார்கள். வாங்கித் தண்ணியில் விட்டால் புண்ணியம். அதே மீனைத் திரும்பப் பிடித்து விற்கமாட்டார்களா என்று கேட்கிற எங்கட புத்தியை அங்கே கொஞ்சம் அடக்கினேன்.

முக்கிய தெருவில் கடைகளும் நெரிசலும்தான். இரண்டு ஒழுங்கை உள்ளே போனால் ஊர் தெரிகிறது. மூங்கில் தடியில் பெனியன் காய்கிறது. ஒரு கிழவி வாசலில் இருந்து, இலையில் சோற்றையும் இறைச்சியையும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறா. கையின் வேகம் மோதகம் பிடிக்கிற எங்கட ஆச்சிமாரின் வேகம். சுவரில் பாசி, எங்கோ தொலைக்காட்சிச் சத்தம், ஒழுங்கை முழுக்க வதக்கிய எண்ணெய் மணம். அழகென்று சொல்லமுடியாது. ஆனால் ஊர்.

இந்த நீர்நாட்டுக்கும் எங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1405 தொடக்கம் ஜெங் ஹேயின் பெருங்கப்பல்கள் புறப்பட்டது இதே பிரதேசத்தின் லியூஜியா துறையிலிருந்து. அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல் 1911-ல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தேனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தெற்கே அந்தக் கல் என்றால் வடக்கே அதைவிடப் பழைய கல்லொன்று நயினாதீவு அம்மன் கோயிலில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது. பரதேசி வணிகர்கள் ஊராத்துறைக்கு வரவேணும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால்வாசி அரசுக்கு, முக்கால்வாசி உடையவனுக்கு என்று அது சொல்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

அதாவது எங்கட தீவகமும் ஒருகாலத்தில் தண்ணியால் வாழ்ந்த நாடுதான். இன்று புங்குடுதீவிலோ வேலணையிலோ நடந்தால் பூட்டிய வீடுகளும் கூரை விழுந்த வீடுகளும்தான் கண்ணில் படும். 1990களின் தொடக்கத்தில் போருக்கு எழும்பிய சனத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. காரைக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கும் இது புதிதல்ல. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலுக்குப் போனபோதும் பர்மாத் தேக்குக் கதவுகள் பழம்பொருள் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

இப்போது வெளிநாட்டுக் காசில் தீவகத்தில் கோயில்களும் வீடுகளும் எழும்புகின்றன. நல்லது. ஆனால் திருத்திப் பூட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருக்கா திருவிழாவுக்குப் போய்த் திறந்து படம் எடுக்கிற வீடு, நுழைவுச்சீட்டு இல்லாத வூஜென். அங்கே மிச்சமிருக்கிற சனத்துக்கு நல்ல தண்ணிக்கே பாடு. நெடுந்தீவுக்காரர் வெளியே போகக் குறிகட்டுவான் படகை நம்பியிருக்கவேணும். அவர்கள் போய்விட்டால் நாங்கள் எழுப்பிய கோபுரத்துக்குக் கீழே விளக்கு வைக்கவும் ஆளிராது. சுவருக்குப் பூசும் காசில் ஒரு பங்கு கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் படகுக்கும் போகவேணும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கட உறவுக்காரர் வட்ஸ்அப் குழுவில் அப்பப்பாவின் வீட்டைத் திருத்தும் பேச்சு ஒரு வருடமாக நடக்கிறது. சிட்னி, ரொறன்ரோ, லண்டன் எல்லாம் காசு போட ஆயத்தம். திருத்தி முடிய, அங்கே படிப்பிக்க வருகிற ஒரு ஆசிரியையின் குடும்பத்துக்கு வாடகையில்லாமல் விடுவமா என்று போன கிழமை கேட்டு எழுதினேன். இதுவரை இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. இரண்டும் வேலிக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைப் பற்றி.