பொது சுகாதார மேற்படிப்பு: ஓராண்டு முன்பே தொடங்குவோம்



கடந்த ஆண்டு நம் பகுதியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒரு மாணவி, மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அவர் கையில் இருந்தது மாநில அரசின் பி.சி.எம். சான்றிதழ் மட்டுமே. அங்கே கேட்டதோ மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ். இடம் கைவிட்டுப் போயிற்று. "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா..." என்று அவருடைய அத்தா நம்மிடம் வருந்தினார். அந்தக் குறை இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இது என்ன படிப்பு?

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொது சுகாதாரம் படித்தவர் ஓர் ஊரையே பார்க்கிறார். நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது, எப்படித் தடுப்பது என்று கணக்கெடுத்து ஆராய்வது அவர் வேலை. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம் சென்னை மாகாணம்.

எம்.பி.எச். எனப்படும் இந்த முதுநிலைப் பட்டம் இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. பல் மருத்துவம், நர்சிங், யுனானி, சித்தா, பிசியோதெரபி படித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. சமூகப்பணி, புள்ளியியல் போன்ற துறையினருக்கும் சில இடங்களில் வாய்ப்பு உண்டு. தகுதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டம் பெற்றால் மருந்துச் சீட்டு எழுத முடியாது. நம் மாநிலப் பொது சுகாதாரத் துறையின் மாவட்ட சுகாதார அலுவலர் பதவி மருத்துவர்களுக்கானது. மற்றவர்களுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் ஆய்வுத் திட்டங்கள், தேசிய சுகாதார இயக்கம், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றில்தான். தொடக்கத்தில் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவர்களே பிறகு வருந்தாமல் இருப்பார்கள்.

எங்கே படிக்கலாம்?

புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆகியவை நமக்கு அருகில் உள்ளவை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இந்தப் படிப்பை நடத்துகிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலும் உண்டு. அங்கே சேர அண்மை ஆண்டுகளில் க்யூட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். அத்துடன் அந்நிறுவனத்தின் தளத்திலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

வெளிநாடு என்றால், இங்கிலாந்தில் பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அமெரிக்காவின் பல பொது சுகாதாரக் கல்லூரிகளுக்கு சோபாஸ் என்ற ஒரே தளத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்து அரசின் செவெனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை. படித்து முடித்ததும் நாடு திரும்ப வேண்டும்.

முதலில் சரிசெய்ய வேண்டிய தாள்கள்

1. பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சேர்ந்து வேறொன்று என்பது நம் வீடுகளில் சாதாரணம். ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் சிக்கல் வரும். திருத்த மாதங்கள் ஆகலாம். இன்றே எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

2. ஓ.பி.சி. சான்றிதழ். பி.சி.எம். சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு உரியது. மத்திய நிறுவனங்களுக்கு, கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழை இ-சேவை மையம் வழியாகத் தனியே பெற வேண்டும். லப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி முஸ்லிம் ஆகிய பிரிவுகள் மத்தியப் பட்டியலில் உள்ளன. உங்கள் சான்றிதழில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். நடப்பு நிதியாண்டில் பெற்றதையே பல நிறுவனங்கள் கேட்கின்றன.

3. மதிப்பெண் விவரப் பட்டியலும் பரிந்துரைக் கடிதங்களும். பல்கலைக்கழகத்திலிருந்து பட்டியல் வரச் சில வாரங்கள் ஆகும். கடிதம் தரும் ஆசிரியருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

மனதிலிருந்து எழுத வேண்டிய கட்டுரை

'ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்' என்ற கட்டுரையைப் பல நிறுவனங்கள் கேட்கின்றன. நேர்முகத்திலும் அதே கேள்வி வரும். 'சிறுவயது முதலே சேவை செய்ய ஆசை' என்று எழுதினால் நூறோடு நூற்றொன்றாகப் போய்விடும். நாம் வாழும் மண்ணே பாடம்தான். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் லாரிகளும் இருக்கின்றன. 2017-இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்தி வயலில் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகள் நச்சு தாக்கி உயிரிழந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு சர்க்கரை நோயோடு ஊர் திரும்புபவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். இவற்றில் ஒன்றை எடுத்து, நான் எதைப் பார்த்தேன், என்ன கேள்வி எழுந்தது, அதற்கு விடை தேட எந்தப் பயிற்சி வேண்டும் என்று எழுதுங்கள். கொரோனா நேரத்தில் ஜமாஅத்தோடு நின்று வேலை செய்திருந்தால் அதுவும் அனுபவமே. இணையத்தில் கிடைக்கும் கட்டுரையை நகலெடுக்காதீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுவிடுவீர்கள்.

பணமும் பெற்றோரும்

அரசு நிறுவனங்களுக்கும் தனியாருக்கும் கட்டணத்தில் பெரும் வேறுபாடு உண்டு. முதலில் அரசு நிறுவனங்களுக்கு முயலுங்கள். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் விவரம் ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கிடைக்கும். அதற்கு வட்டி உண்டு. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள், அழகிய கடனாகவோ, தகுதி இருந்தால் ஜகாத் நிதியிலிருந்தோ உதவி பெற ஜமாஅத்தை அணுகலாம். வசதி உள்ளவர்கள் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்க வேண்டுகிறோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 'டாக்டர் சீட் கிடைக்கவில்லை, இனி என்ன?' என்று மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். புதுச்சேரி நமக்கு ஒரு பகல் பயணத்துக்குள்தான். விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை குடும்பத்தோடு போய் வகுப்பையும் விடுதியையும் பார்த்து வாருங்கள். நேரில் பார்த்த இடத்தைப் பற்றிய அச்சம் பாதியாகக் குறையும்.

அந்த மாணவி இப்போது ஓ.பி.சி. சான்றிதழ் வாங்கிவிட்டார். ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு மீண்டும் விண்ணப்பிக்கிறார். இன்ஷா அல்லாஹ், இம்முறை அவருக்கு இடம் கிடைக்கும். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த எண்ணம் இருந்தால் தாள்களை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம்.