தேடலில் முதலிடம்: குறுக்குவழி ஏன் பலிப்பதில்லை?

2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் இணையதளத்தைக் கூகுள் தன் தேடலிலிருந்தே தூக்கியது. ஏன்? 'பழைய கார்' என்ற சொல்லை வாரி இறைத்த பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டி, சொடுக்கியவரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டதால்.

தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது? பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் அட்டவணை போடுகிறது. பிறகு, எந்தெந்தத் தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன என்று பார்க்கிறது. கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் விளக்கிய 'பேஜ்ரேங்க்' முறையில், மதிப்புள்ள பக்கம் தரும் இணைப்புக்கு எடை அதிகம். அதனால்தான் இணைப்புகளை விலைக்கு வாங்கும் தில்லுமுல்லும் முளைத்தது. 2012இல் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையில் செய்த 'பெங்குவின்' மாற்றம் அதற்குக் கடிவாளம் போட்டது.

நேர்வழி எது? உள்ளதைச் சொல்லும் தலைப்பு, படத்துக்கு விளக்கம், கைபேசியில் சட்டென்று திறக்கும் வேகம், வேறெங்கும் கிடைக்காத தகவல். காசு கொடுத்து மேலே வருவதும் தவறல்ல, 'விளம்பரம்' என்ற அடையாளத்தோடு வந்தால்.