வாய்ப்புண்ணுக்குக் காரணம் சூடு அல்ல

"கீமோ போட்டால் உடம்பு சூடாகும், வாய் வெந்துபோவது சகஜம்." புற்றுநோய் வார்டு வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வீட்டார் மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துக் கொடுத்து, பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நோயாளியும் டாக்டரிடம் வாய் திறப்பதில்லை.

காரணம் சூடு அல்ல. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதே பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. வாயின் உள்தோலும் அப்படி வேகமாகப் புதுப்பித்துக்கொள்வதுதான். அது தடைபடும்போது, மருந்து ஏறிய ஒரு வாரத்தில் புண் தலைகாட்டும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிவிடும். தலை, கழுத்தில் 'கரன்ட்' (கதிர்வீச்சு) வைப்பவர்களுக்குச் சிகிச்சை முடிந்தும் சில வாரம் நீடிக்கும்.

தடுப்பு தொடங்க வேண்டிய இடம் பல் டாக்டரின் நாற்காலி. சொத்தைப் பல்லை எடுப்பதென்றால், கரன்ட் வைப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு.

அடுத்த தடுப்பு, ஒரு டம்ளர் ஐஸ். 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஊசியாக ஒரேயடியாகச் செலுத்தும்போது, ஐந்து நிமிடம் முன்பிருந்தே ஐஸ் துண்டுகளை அரை மணி நேரம் வாயில் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் வாய்க்கு வரும் மருந்து குறையும். ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுபவர்களுக்குக் குளிர் பட்டால் தொண்டை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே மருந்தின் பெயரைக் கேட்டு, டாக்டர் சரி என்ற பிறகே ஐஸ்.

தினப்படி வேலை எளிது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, நாளுக்கு நாலைந்து முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். மென்மையான பிரஷ் போதும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், ஊறுகாய், முறுக்கு, கொதிக்கும் ரசம், வெற்றிலை பாக்கு, புகையிலை கூடாது. குழைந்த சோறும் ஆறிய கஞ்சியும் இதமாக இறங்கும்.

தலை, கழுத்துக்குக் கரன்ட் வைப்பவர்கள், வாய்ப்புண்ணைத் தடுக்கும் குறைந்த சக்தி லேசர் சிகிச்சை தங்கள் மருத்துவமனையில் உண்டா என்று கேட்கலாம். என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். உள்ளூர் டாக்டரிடம் அவசரமாக ஓடும்போது அந்தத் தாள்கள் கையில் இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

தண்ணீர்கூட இறங்கவில்லை, வாயில் வெள்ளை படிகிறது என்றால் உடனே சொல்ல வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி டியூட்டி டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "கீமோ போட்டு இன்றோடு பத்தாவது நாள்."