பழைய வில்லுக்குப் புது நாண் போதுமா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அதையொட்டி வில் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: யாரோ பயன்படுத்தி விற்ற வில்லைச் சரிசெய்துகொள்வதா, புதிதாகவே வாங்கிவிடுவதா? வில்லின் வயதையும் அம்பின் வேகத்தையும் வைத்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை அவை அல்ல. வில்லின் இழுப்பு நீளம் தன் உடலுக்குப் பொருந்துகிறதா, அதன் பட்டைகளில் விரிசல் இல்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் பழைய வில்லே போதும். பொருந்தாத வில் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்றைய வேட்டை வில் பெரும்பாலும் காம்பவுண்ட் வில்தான். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளையும் இரு பட்டைகளின் நுனியிலும் ஒவ்வொரு சக்கரம் இருக்கும். அது முழு வட்டமாக இருக்காது. அதனால் நாணை இழுக்க இழுக்க நெம்புவிசை மாறிக்கொண்டே வரும். 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ வரை ஏறும் பளு, முழுதாக இழுத்து முடித்ததும் 80 விழுக்காடு தளர்ந்து, 14 பவுண்டுதான் விரலில் நிற்கும். குறிபார்க்க அவகாசம் கிடைப்பது இதனால்தான். ஆனால் மரவில்லைக் கைக்கு ஏற்றபடி கூடக்குறைய இழுக்கலாம். காம்பவுண்ட் வில்லோ ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அதுவரை நாண் வரும் தூரமே வில்லின் இழுப்பு நீளம். அதைத் தீர்மானிப்பது சக்கரத்தின் வடிவம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் ஒருவருடைய இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். 70 அங்குலம் என்றால் 28. அவர் 30 அங்குல வில்லை எடுத்தால் தலை பின்னால் சாயும், முழங்கை விறைக்கும், நாண் முன்கையில் அடிக்கும். எத்தனை நாள் பயிற்சி செய்தாலும் இது தீராது. இழுப்பு விசையை மாற்றுவது எளிது: பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் திருகினால் பெரும்பாலான வில்களில் 10 பவுண்டு அளவுக்குக் குறைக்கலாம். இழுப்பு நீளம் அப்படியல்ல. சில மாடல்களில் சக்கரத்தோடு பொருந்திய சிறு தகட்டை நகர்த்தினால் போதும். சிலவற்றில் தகட்டையோ சக்கரத்தையோ மாற்றியே ஆக வேண்டும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

நைந்த நாணைப் பார்த்துப் பயந்து வில்லையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. வில்லில் வரும் பழுதுகளில் மலிவானது அதுதான். இன்றைய நாண்களில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழை இருக்கிறது. தொடர்ந்து இழுவிசை இருந்தால் அது மெல்ல நீளும். காம்பவுண்ட் வில்லிலோ நாணை ஒருபோதும் கழற்றி வைப்பதில்லை. நீண்டதும் இரு சக்கரங்களின் ஓட்டம் பிசகுகிறது, குறியும் தப்புகிறது. எனவே இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை புது நாண் கட்டுவது வழக்கமான பராமரிப்பு. அதற்கு நூற்றுச் சொச்சம் டாலர் ஆகும். பெரிய நிறுவனங்களின் உயர்தரப் புது வில்லோ ஆயிரம் டாலரைத் தாண்டும். பட்டையின் கதை வேறு. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அந்தப் பட்டை, அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால், அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது. அப்படி ஒருமுறை நடந்திருந்தால் விற்பவர் சொல்லப்போவதில்லை. ஒரு துண்டுப் பஞ்சைப் பட்டையின் ஓரமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் படாத சிம்பு அதன் இழையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பேரம் வேண்டாம்.

புது வில்லில் அம்பு வேகமாகப் போகுமே என்பார்கள். போகும்தான். 26 கிராம் அம்பு ஒன்று பழைய வில்லிலிருந்து நொடிக்கு 280 அடி வேகத்திலும், புதியதிலிருந்து 300 அடி வேகத்திலும் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஆற்றல் முறையே சுமார் 95, 109 ஜூல். மானுக்கு 56 ஜூலே தாராளம் என்பது வேட்டைக்காரர்கள் நம்பிப் பயன்படுத்தும் அட்டவணைக் கணக்கு. சத்தம் கேட்டு மான் குனிந்து தப்புவதற்கும் வேகம் மருந்தல்ல. 27 மீட்டர் தூரத்தை நாணின் ஒலி 0.08 நொடியில் கடந்துவிடும். அம்புக்கு 0.32 நொடி தேவை, புது வில்லில் 0.30. இரண்டிலும் மானுக்குத்தான் முந்திச் செய்தி போகிறது. புதிய வில்களின் உண்மையான மேன்மை வேறிடத்தில் இருக்கிறது. பட்டைகள் ஏறக்குறைய இணையாகப் படுத்திருப்பதால் எதிரெதிர்த் திசையில் அசைந்து அதிர்வை ரத்துசெய்கின்றன, சத்தமும் குறைகிறது. கையில் பணமிருந்து அதற்காக வாங்குகிறேன் என்பவரிடம் எனக்கு வழக்கில்லை.

வளரும் பிள்ளைக்குப் பெரியவருடைய பழைய வில்லைக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. 5 பவுண்டிலிருந்து 70 பவுண்டுவரை மாற்றத்தக்க, இழுப்பு நீளத்தையும் கூடவே நீட்டிக்கொள்ளக்கூடிய வில்கள் வந்துவிட்டன. அங்கே புதியதுதான் சிக்கனம்.

இன்னோர் ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடும் 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், 1972 திருத்தத்தால் வில்லுக்கும் 11 விழுக்காடு வரியை விரித்தது. பழைய வில் கைமாறும்போது அந்த நிதிக்கு ஒரு காசும் போவதில்லை. உண்மைதான். ஆனால் வில் ஒருமுறை வாங்குவது. அம்பும் முனையும் தொலைந்தும் முறிந்தும் திரும்பத் திரும்ப வாங்குபவை. அவற்றுக்கும் அதே நிதிக்கான வரி உண்டு.