ரேஸிங் கேம்: வளைவில் ஜெயிக்க ஏன் முதலில் பிரேக் பிடிக்க வேண்டும்?

வேலை முடிந்து வந்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாச்சு. நேர்ப்பாதையில் 250 கி.மீ. வேகம். முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. பிரேக்கைத் தொட மனசே வரவில்லை. கடைசி நொடியில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால், கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது. பின்னால் வந்தவரோ முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, அலட்டிக்கொள்ளாமல் திரும்பி, முந்திப் போய்விடுகிறார்.

மெதுவாக வந்தவர் எப்படி முந்தினார்? பதில் கேமில் மட்டும் இல்லை, இயற்பியலிலும் இருக்கிறது.

டயருக்கும் ஒரு சம்பளம் உண்டு

காருக்கும் சாலைக்கும் இருக்கும் ஒரே தொடர்பு நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் பகுதி ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. அது தரும் பிடிமானத்துக்கு, அதாவது கிரிப்புக்கு, ஒரு எல்லை இருக்கிறது. பிரேக் பிடிக்க, திரும்ப, வேகமெடுக்க என்று எல்லாச் செலவும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் போகிறது.

மாதச் சம்பளம் மாதிரி யோசித்துப் பாருங்கள். முழுவதையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்ப எதுவும் மிஞ்சாது. அப்போது ஸ்டியரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் நேராகவே போகும். இதைத்தான் 'அண்டர்ஸ்டியர்' என்கிறார்கள். சுவரில் முட்டிய காருக்கு நடந்ததும் இதுதான்.

வேகம் இன்னொரு சிக்கல். ஒரே வளைவை இரண்டு மடங்கு வேகத்தில் எடுக்க, நான்கு மடங்கு பக்கவாட்டுப் பிடிமானம் வேண்டும். இதையே திருப்பிப் போட்டால் நல்ல செய்தி: வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே, தேவைப்படும் பிடிமானம் 19 சதவீதம் குறைந்துவிடும்.

வெளியே, உள்ளே, வெளியே

அடுத்தது பாதை. காரின் எடை அளவுக்கே பக்கவாட்டுப் பிடிமானம் தரும் டயர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை அந்தக் கார் அதிகபட்சம் சுமார் 80 கி.மீ. வேகத்தில் எடுக்கலாம். ஆரம் 100 மீட்டராக இருந்தால், அதே கார், அதே டயர், சுமார் 113 கி.மீ. வரை போகலாம்.

டிராக்கின் வளைவை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அதற்குள் நாம் போகும் கோட்டை மாற்றலாம். வலது வளைவு என்றால் இடது ஓரத்திலிருந்து நுழைந்து, நடுவில் வலது ஓரத்தை உரசுவதுபோல் தொட்டு, மறுபடி இடது ஓரத்துக்கு வெளியேறுவது. சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவை நாமே பெரிதாக்கிக்கொள்கிறோம். உள்ஓரத்தைத் தொடும் அந்தப் புள்ளிக்கு 'ஏபெக்ஸ்' என்று பெயர்.

லாபம் வளைவுக்குப் பிறகுதான்

வளைவில் இருக்கும் நேரம் சில நொடிகள். அதன் பிறகு நீளமான நேர்ப்பாதை வருகிறது. வளைவை விட்டு வெளியேறும்போது 5 கி.மீ. வேகம் கூடுதலாக இருந்தால், அந்த லாபம் நேர்ப்பாதையிலும் தொடரும். அதனால்தான் 'மெதுவாக உள்ளே, வேகமாக வெளியே' என்பது ரேஸிங்கின் பாலபாடம்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான்: கார் நேராக இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். ஸ்டியரிங் வளைய வளைய, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் டயர்களுக்குக் கூடுதல் பிடிமானம் கிடைக்கும். இந்த உத்தியின் பெயர் 'ட்ரெயில் பிரேக்கிங்'. ஏபெக்ஸைத் தாண்டியதும் ஸ்டியரிங் நிமிர நிமிர ஆக்ஸிலரேட்டர்.

கீபோர்டில் விளையாடுபவர்களுக்கு ஒரு சங்கடம். ஒரு கீ என்பது முழு பிரேக் அல்லது பூஜ்ஜியம், நடுவில் எதுவும் இல்லை. அதனால் விட்டு விட்டுத் தட்டித்தான் சமாளிக்க வேண்டும். கன்ட்ரோலர் ட்ரிக்கரில் பாதி அழுத்தம், கால் அழுத்தம் எல்லாம் சாத்தியம்.

அப்போ டிரிஃப்ட்?

"ஆஸ்ஃபால்ட் கேம்ல டிரிஃப்ட் அடிச்சாதானே வேகம் கூடுது?" என்று கேட்கலாம். சரிதான். ஆஸ்ஃபால்ட்டில் டிரிஃப்ட் செய்தால் நைட்ரோ நிரம்பும். 1996-ல் வந்த மரியோ கார்ட் 64 காலத்திலிருந்தே அந்த வரிசை கேம்களில் வளைவில் சறுக்கினால் குட்டி பூஸ்ட் உண்டு. மரியோ கார்ட் 8 டீலக்ஸில் எவ்வளவு நேரம் சறுக்குகிறோமோ, அதற்கேற்ப தீப்பொறி நீலம், ஆரஞ்சு, ஊதா என்று மாறும். பூஸ்ட்டும் கூடும்.

ஆனால் இது கேம் கொடுக்கும் பரிசு, டயர் கொடுப்பது இல்லை. நிஜத் தார்ச்சாலையில் சறுக்கும் டயர் வேகத்தை வெப்பமாகவும் புகையாகவும் வீணடிக்கும். பார்க்க மாஸாக இருக்கும், நேரம் மட்டும் கையை விட்டுப் போகும். எனவே எந்த உத்தி என்று கேட்பதற்கு முன், எந்த வகை கேம் என்று பார்க்க வேண்டும்.

திரையிலிருந்து டிராக்குக்கு

1997-ல் வந்த கிரான் டூரிஸ்மோ இதில் வேறு ரகம். அதில் போட்டிகளுக்குள் நுழையவே லைசென்ஸ் தேர்வுகள் எழுத வேண்டும். எங்கே பிரேக், எந்தக் கோட்டில் வளைவு என்பதெல்லாம் அங்கே பாடம்.

2008-ல் நிஸானும் சோனியும் தொடங்கிய ஜிடி அகாடமி, இந்த கேமில் ஜெயித்தவர்களை நிஜ ரேஸ் கார்களில் உட்கார வைத்தது. 2011-ல் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-ல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். 2023-ல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் அவருடைய கதைதான். கேமில் கற்ற கோடும் பிரேக்கும் நிஜத்திலும் செல்லுபடியாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே மார்டன்பரோவின் கார் 2015-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஒரு மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே 'ரீஸ்டார்ட்' பட்டன் இல்லை.

வீக் எண்டில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கிளம்புபவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது. 'வெளியே, உள்ளே, வெளியே' என்பது எதிரே யாரும் வராத டிராக்குக்கான கோடு. மலைப்பாதையில் அந்தக் கோட்டின் பாதி, எதிரே வரும் பஸ்ஸுக்குச் சொந்தம். கேமிலிருந்து ஊருக்கு எடுத்துப்போக வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வளைவுக்கு முன்பே பிரேக்.