மூச்சில் ஓடும் பம்பு

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தென்னை விவசாயி எழுதியிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்களை அறுக்க வாங்கிய சின்ன செயின் சா. இப்போதும் ஸ்டார்ட் ஆகிறது, சில நிமிடம் நன்றாக அறுக்கிறது, பிறகு திணறி நின்றுவிடுகிறது. டேங்க் மூடியைத் திருகினால் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். மூடிவிட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது. “இஞ்சின் போயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க” என்றாராம் மெக்கானிக்.

இஞ்சின் எங்கும் போகவில்லை. அந்த ‘புஸ்’ஸிலேயே விடை இருக்கிறது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். அதற்கென்றே ஒரு குட்டி வால்வு உண்டு. காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. மரத்தூளும் ஆயிலும் பிசினாகி அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் மேலே ஏறாது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சரிப்படாவிட்டால் புதிது போடுங்கள். அவருக்கான பதில் இதோடு முடிந்தது. ஆனால் இந்த மெஷினின் எரிபொருள் பாதையைப் பற்றிப் பேச எனக்கு வெகுநாளாக ஆசை.

பைக் கார்புரேட்டரில் பெட்ரோல் கிண்ணமும் மிதவையும் இருப்பது பலருக்கும் தெரியும். மரம் அறுப்பவர் கையில் அந்த ஏற்பாடு உதவாது. அடிமரத்தை அறுக்கும்போது மெஷின் பக்கவாட்டில் படுக்கிறது; கிளை கழிக்கும்போது சில சமயம் தலைகீழாகவே நிற்கிறது. மிதவை கார்புரேட்டரோடு வந்த பழைய செயின் சாக்களில், அறுக்கும் கோணம் மாறும்போதெல்லாம் இஞ்சின் நிமிர்ந்தே இருப்பதற்காக பிளேடை மட்டும் திருப்பி வைத்து முடுக்க வேண்டியிருந்தது. 1940களின் கடைசியில் டயாபிரம் கார்புரேட்டர் வந்த பிறகுதான் எந்தக் கோணத்திலும் சாய்த்துப் பிடித்து அறுக்க முடிந்தது.

இந்த டயாபிரத்தில்தான் நான் மயங்கிக் கிடக்கிறேன். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்க இதில் மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. பிஸ்டன் மேலே போனால் கிராங்க் அறைக்குள் உறிஞ்சல், கீழே வந்தால் அழுத்தம். அந்த மூச்சு ஒரு சிறு துளை வழியாக வந்து மெல்லிய ஒரு படலத்தின் மேல் மோதுகிறது; அந்த டயாபிரம்தான் பம்பு. படலத்தின் மறுபக்கம் பெட்ரோல். அதே படலத்தில் மூன்று பக்கம் வெட்டிய இரண்டு நாக்குகள். ஒன்று பெட்ரோலை உள்ளே விட்டு மூடிக்கொள்ளும். மற்றது வெளியே விட்டு மூடிக்கொள்ளும். சின்ன வயதில் எங்கள் தெருக் கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதக் கேட்டு வாங்கி நிற்பேன். அதன் அடியில் தொங்கிய தோல் நாக்கும் இதே வேலையைத்தான் செய்தது. வேகம்தான் வேறு. இஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால் இந்தப் படலம் நொடிக்கு 200 முறை துடிக்கிறது.

கார்புரேட்டரின் மறுபக்கத்தில் இன்னொரு டயாபிரம். அதன் மூடியில் குண்டூசித் தலையளவு துளை. இஞ்சின் பெட்ரோலை இழுத்ததும் வெளிக்காற்று அந்தத் துளை வழியே படலத்தை அமுக்கும். நடுவிலுள்ள உலோகப் பொட்டு ஒரு நெம்பியைத் தட்டும். ஊசி விலகி, வேண்டிய அளவு பெட்ரோல் வரும். மிதவை செய்த வேலையைக் காற்றே செய்கிறது.

இரண்டு படலமும் வளைந்து கொடுக்கும்வரைதான் இந்த வித்தை. மாதக்கணக்கில் பெட்ரோலோடு மூலையில் போட்டுவைத்தால் விறைத்துப்போகும். நம் பங்க்குகளில் இப்போது வருவது 20% வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், இந்த இஞ்சினுக்காகக் கலக்கும் 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோல் கிடைக்கட்டும் என்று, டியூப் நுனியில் கனமான ஃபில்டரைக் கட்டி அடியிலேயே கிடக்கும்படி செய்திருக்கிறார்கள். அது உறிஞ்சுவது இப்போது அந்த ஆயிலில்லாத அடித்தண்ணீரை.

பழுது பார்க்கும் வேலையை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை இழுத்தும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்கைக் காலி செய்து, முனை வளைத்த கம்பியால் ஃபில்டரை வெளியே இழுங்கள். டியூபை வளைத்துப் பாருங்கள். டேங்கின் சுவரைத் துளைத்து வரும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடித்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது.

பிறகு கார்புரேட்டர். பம்பு பக்கத்து மூடிக்கு அடியில் சிறு சல்லடை இருக்கும். மரத்தூள் படிந்திருந்தால் கழுவுங்கள். மறுபக்கத்து மூடியைத் திறந்து படலத்தைத் தூக்கிப் பிடியுங்கள். துவளாமல் விறைத்து நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. கழற்றும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் பம்பு பக்கம் படலம் முதலில், கேஸ்கெட் அதன் மேல். மறுபக்கம் கேஸ்கெட் முதலில், படலம் பிறகு. மாற்றிப் போட்டால் மெஷின் ஓடாது. கிளீனர் அடிக்கும் முன் படலங்களை எடுத்துவிட வேண்டும். துளைகளில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் கார்புரேட்டரே வீண்.

எனக்கு ஆத்திரம் வருவது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவைத் திருகுகிறவர்கள் மேல்தான். மெஷின் திணறினால் உடனே ஸ்குரூ டிரைவரோடு வந்துவிடுகிறார்கள். வெடித்த டியூப் வழியே காற்று புகுந்து பெட்ரோல் குறைகிறது. ஸ்குரூவைத் திறந்து அதை ஈடுகட்டுகிறார்கள். அன்றைக்கு ஓடும். ஆனால் விரிசல் நாளுக்கு நாள் பெரிதாகும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு ஆயில் வருவதே பெட்ரோலில் கலந்துதான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும், பிஸ்டன் கீறி இறுகும். அப்போதுதான் உண்மையிலேயே இஞ்சின் போகிறது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இப்படி எத்தனை நல்ல மெஷின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றனவோ! புயலடித்த கையோடு இவற்றைக் கூறு கட்டி விற்றவர்கள் டயாபிரத்தையும் வாங்கி வைத்திருக்கலாம்.

ரிப்பேர் கிட் வாங்கப் போகும்போது கார்புரேட்டரையே கையில் கொண்டுபோங்கள். மெஷினின் பெயரைச் சொன்னால் போதாது. ஒரே மாடலில் இரண்டு வகைக் கார்புரேட்டர் வருவதுண்டு. அதன் உடம்பில் பொறித்திருக்கும் நம்பரைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். டியூபின் பழைய துண்டையும் எடுத்துப் போங்கள். உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் பொருந்த வேண்டும்.